பிஸ்கற் பேணிக்குள் நான்கு கிளிப்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பூட்டுகளுக்கு நாற்பத்தொரு திறப்புகள். அத்தனையும் என் இடுப்பில்தான் தொங்குகின்றன. அப்வார்ட் என்பது என் வேலையின் பெயர். காலையில் கதவுகளைத் திறப்பது, சூடேற்றியைப் பார்ப்பது, பனி தள்ளுவது, தரை துடைப்பது, பிள்ளைகள் தொலைத்த ஒற்றைக் கையுறைக்குச் சொந்தக்காரரைத் தேடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். கூட்டித் துடைக்கிற வேலைதானே என்று என் சொந்தக்காரர் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். நினைத்துவிட்டுப் போகட்டும். லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் பத்து வருடம் சட்டி கழுவிய பிறகு இந்த வேலைக்கு வந்தேன். வந்து இருபத்தேழு வருடம். இத்தனை வருடத்தில் வகுப்பறை குளிர்கிறது என்று சொல்லி ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போனதில்லை. என்னைப் புகழ வேறு ஆள் வராவிட்டால் நானே புகழ்ந்துகொள்வேன். அந்த விஷயத்தில் எனக்கு வெட்கம் கிடையாது.

ஊர் சுவிஸில், பேர்ணுக்கும் ஃப்ரிபூர்க்குக்கும் நடுவில் இருக்கிறது. மணிக்கு ஒரு ரயில் நின்று போகும். நான் வந்த வருடம் பள்ளிக்கூடத்தின் மூன்று வகுப்பறைகளும் நிரம்பி இருந்தன. வகுப்புக்கு வெளியே, சுவர் நீளத்துக்கும் மேலங்கி கொழுவுகிற கொளுக்கிகள். ஒவ்வொரு கொளுக்கிக்கு மேலும் ஒரு பிள்ளையின் பெயர். ஓகஸ்ட் மாதம் பள்ளி தொடங்குமுன் அந்தப் பெயர்களை மாற்றுவது என் பொறுப்பு. முதல் சில வருடங்கள் கொளுக்கி போதாமல் சுவரில் துளையிட்டுப் புதிதாகப் பூட்டினேன். பிறகு போதுமாக இருந்தது. பிறகு மிஞ்சத் தொடங்கியது. வெறும் கொளுக்கிகளைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்ததால் அவற்றில் விளையாட்டுப் பைகளைத் தொங்கவிட்டேன். கடைசியில் மூன்றாவது வகுப்பறையைப் பாய்களும் கால் உடைந்த கதிரைகளும் போட்டு வைக்கிற அறையாக்கினோம்.

பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பண்ணை வைத்திருக்கிற கிழவர்கள் பெண்களைக் குறை சொல்வார்கள். வேலையையும் வீட்டையும் ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டுப் பெறு பெறு என்றால் எவள் பெறுவாள் என்று பெண்கள் கேட்பார்கள். பிள்ளை பராமரிக்கிற நிலையத்தில் இடம் கிடைக்காமல் அலைந்த கதையை இளம் தகப்பன்மார் சொல்வார்கள்; கிடைத்தாலும் ஒருவரின் சம்பளம் அதற்கே சரியாகிவிடுமாம். படித்து, வேலை எடுத்து, வீடு பார்த்து, இனி நிதானமாக யோசிப்போம் என்று உட்காரும்போது சிலருக்கு உடம்பு ஒத்துழைக்காது. சிலருக்கு ஆசையே இருப்பதில்லை. நான் தரை துடைத்துக்கொண்டே இவை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். எனக்கு எல்லோரும் சொல்வது சரியாகத்தான் பட்டது.

காரணம் எதுவானாலும் விளைவு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஊர்த் தீயணைப்புப் படைக்கு ஆள் பிடிபடாமல், அப்போது ஐம்பத்தெட்டு வயதாயிருந்த என்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். உதைபந்தாட்டக் கழகத்தின் சிறுவர் அணியைப் பக்கத்து ஊர் அணியோடு சேர்த்தார்கள். பேக்கரி மூடியது. முதியோர் இல்லம் மட்டும் ஒரு மாடி உயர்ந்தது. தெருவில் பிள்ளை வண்டிகளைவிட வயதானவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற தள்ளுவண்டிகள்தான் அதிகம்.

இப்படிக் கிடந்த ஊருக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்கள் எங்கள் தமிழ் ஆட்கள். இதைச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிரும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட அடுக்குமாடிக் கட்டிடம் இருக்கிறது. பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸில் வாடகை ஏறி வீடும் இறுகியபோது அங்கிருந்த ஒரு இளம் குடும்பம் இங்கே வந்தது. அவர்கள் சிநேகிதரைக் கூப்பிட, சிநேகிதர் மச்சானைக் கூப்பிட, பதினொரு தமிழ்க் குடும்பங்கள் ஆயின. பெரும்பாலும் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். தாதி, மின்வேலை, வங்கி, கணினி என்று நல்ல நல்ல வேலைகள். நானும் மனைவியும் அதே கட்டிடத்தில் கீழ்த்தளம். அதன் பிறகு ஒவ்வொரு ஓகஸ்டிலும் நான் எழுதுகிற பெயர்களில் இரண்டு மூன்று தமிழ்ப் பெயர்கள் இருந்தன. சுவிஸ்காரப் பெயர்களைவிட நீளமானவை என்பதால் எழுத்தைச் சின்னதாக்கி எழுதவேண்டி வந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் தமிழ்ப் பிள்ளை என் மகள். எங்களுக்கு ஒரே பிள்ளை. இப்போது லுசேர்ணில் இருக்கிறாள். ரயில் பாலங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று சோதிக்கிற பொறியியலாளர். தலைக்கவசத்தோடு ஒரு பாலத்துக்கு அடியில் அவள் கயிற்றில் தொங்குகிற படம் என் தொலைபேசியில் உண்டு; கேட்காதவர்களுக்கும் காட்டுவேன். கலியாணம் முடித்து ஏழு வருடம். பிள்ளை வேண்டாம் என்று அவளும் மருமகனும் முடிவெடுத்தவர்கள். எங்களிடம் அதை அவள் ஒளிக்கவில்லை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் பருப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, தனக்குப் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை, ஆசை இல்லை, அவ்வளவுதான் என்றாள். நான் சரி என்றேன். மனைவி எழும்பிப் போய், கழுவி வைத்த சட்டிகளையே திரும்பக் கழுவினாள்.

நான் சரி என்றது வீட்டுக்குள் மட்டும். கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது மகளுக்கு விசேஷம் ஒன்றும் இல்லையோ என்று கேட்டால், அவள் மேற்படிப்புப் படிக்கிறாள், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிடுவேன். ஏழு வருடத்தில் அவளுக்கு நான் மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அது அவள் காதுக்கும் போனது. முதல் இரண்டு தரம் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

போன வருடம் செப்டெம்பரில் கெமைண்டேயிலிருந்து, அதாவது எங்கள் ஊராட்சியிலிருந்து, எல்லா வீட்டுக்கும் ஒரு படிவம் வந்தது. வீட்டில் எத்தனை பிள்ளைகள், புதிதாகப் பிள்ளை எதிர்பார்க்கிறீர்களா, தொடர்ந்து இந்த ஊரில் இருப்பீர்களா என்று மூன்று கேள்விகள். சின்னப் பிள்ளைகளின் வகுப்பை எவ்வளவு காலம் நடத்தலாம் என்று பார்க்கத்தான் கேட்டார்கள். எங்கள் கட்டிடத்து இளம் தம்பதிகளுக்கு என்னைவிட நன்றாக ஜெர்மன் வரும். ஆனாலும் பள்ளிக்கூட விஷயம் என்றால் அண்ணையிடம், அதாவது என்னிடம், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவது அவர்கள் வழக்கம். ஒவ்வொருவராகப் படிவத்தோடு வந்து இரண்டாவது கேள்வியில் விரலை வைத்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. பூச்சியம் போடச் சொன்னேன். ஐந்து மாதம் தாண்டாமல் வயிற்றுப் பிள்ளையைப் பற்றிச் சொந்தச் சகோதரிக்கே சொல்லமாட்டோம், கண்ணூறு மாதிரி நாவூறு படும். அதைக் கடுதாசியில் எழுதி ஊராட்சிக்குக் கொடுப்பதாவது. இங்கே பிறந்து விஞ்ஞானம் படித்த பிள்ளைகள்கூட இந்த ஒரு விஷயத்தில் தாய்மாரை மிஞ்சியவர்கள். எல்லோரும் நிம்மதியாகப் பூச்சியம் போட்டார்கள். சில படிவங்களில் நானே போட்டுக் கொடுத்தேன்.

ஒக்டோபர் கடைசியில் சின்ன வகுப்பின் ஆசிரியை பிரதி எடுக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு கடிதம். படிவங்களைக் கூட்டிப் பார்த்ததில், ஊராட்சி வைத்த எல்லைக்கு நான்கு பிள்ளைகள் குறைவு. டிசெம்பரில் ஊர்க்கூட்டம் நடக்கும்போது சின்ன வகுப்பை மூடுவதற்கு வாக்கெடுப்பு வைக்கப் போகிறார்கள். மூடினால் நான்கு வயதுப் பிள்ளைகள் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகவேண்டும். கீழ் வகுப்பு இல்லாத பள்ளிக்கூடத்துக்கு மேல் வகுப்பும் நிலைக்காது. சில வருடத்தில் முழுக்கட்டிடமும் பூட்டப்படும். பூட்டுகிறவன் நான்தான், திறப்புகள் என்னிடம்தானே. ஆசிரியை கோபக்காரி, எனக்குப் பிடித்த கோபம். அன்று அவருக்குக் கோபம் வரவில்லை. கடிதத்தை என் கையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

கடிதத்தின் பின்பக்கத்தில் தெருத்தெருவாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் கட்டிடத்துக்கு எதிரே, எதிர்பார்க்கும் பிள்ளைகள் என்ற இடத்தில் பூச்சியம். பதினொரு இளம் குடும்பங்கள், பூச்சியம். எனக்குக் காது சூடானது. ஊருக்குப் பிள்ளை கொண்டுவந்தவர்கள் நாங்கள் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்த நான், என் கையாலேயே அந்தப் பிள்ளைகளை அழித்துவிட்டு வந்திருக்கிறேன். சுவிஸ்காரர் யாராவது இந்தப் பிழையை விட்டிருப்பார்களா? விடமாட்டார்கள். மூன்றாம் மாதமே ஸ்கான் படத்தை எல்லோருக்கும் அனுப்புகிறவர்கள் அவர்கள்.

அன்று பின்னேரமே கதவு கதவாகத் தட்டினேன். பிள்ளைகளே, உண்மையைச் சொல்லுங்கோ, பள்ளிக்கூடம் போகப்போகுது என்று கேட்டேன். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் மாடியில் இருக்கிற, தாதி வேலை பார்க்கிற பிள்ளை ஒரு கையை இடுப்பில் முண்டு கொடுத்துக்கொண்டு, மறு கையில் எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலோடு வந்து, அப்படி ஒன்றும் இல்லை அண்ணை என்று கண்ணைப் பார்த்துச் சொன்னது. பதினொரு வீட்டிலும் தேநீர் தந்தார்கள். தகவல் தரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். ஆம்பிளை ஒருவன் வாசலில் நின்று சத்தமாகக் கேட்டால் எந்தப் பெண் சொல்வாள் என்று அவள் என்னைத்தான் பேசினாள். அவர்கள் வாயால் சொல்லவும் கூடாது, வேறு ஆள் பார்க்கவும் கூடாது. அப்படி ஒரு வழி இருந்தால் கேளுங்கோ என்றாள்.

அந்த வழி எங்கள் காலுக்குக் கீழேயே இருந்தது. இந்த நாட்டு அடுக்குமாடிகளில் உடுப்புத் தோய்க்கிற அறை நிலத்துக்குக் கீழே, எல்லாருக்கும் பொதுவாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு நாள். கதவில் அட்டவணை ஒட்டியிருக்கும். உங்கள் நாளில் திறப்பு உங்களிடம். வேறு யாரும் உள்ளே வரமாட்டார்கள். வந்தால் ஊர்ப் பகை. எங்கள் ஆட்கள் இந்த ஒழுங்கைச் சுவிஸ்காரரைவிட இறுக்கமாகப் பிடித்தவர்கள். ஒரு பெண் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு நிற்கக்கூடிய இடம் கட்டிடத்தில் அது ஒன்றுதான்.

பிஸ்கற் வந்த ஒரு பெரிய தகரப் பேணியை எடுத்து மூடியில் நீளமாக ஒரு வெட்டு வெட்டினேன். சோப்புத்தூள் தட்டில் வைத்தேன். பிறகு தமிழில் ஒரு கடிதம் எழுதி, பதினொரு வீட்டுக் கதவுக்கும் கீழால் தள்ளிவிட்டேன். பெயர் வேண்டாம், வாய் திறக்கவும் வேண்டாம், பிள்ளை எதிர்பார்த்திருந்து இந்த ஊரிலேயே இருக்கப்போகிறவர்கள் தங்கள் தோய்ப்பு நாளில் ஒரு உடுப்புக் கிளிப்பை இந்தப் பேணிக்குள் போட்டால் போதும் என்று எழுதினேன். பேணியைத் திறந்து எண்ணுகிறவன் நான் ஒருவன், யார் போட்டது என்று தேடமாட்டேன், என் பிள்ளை மேல் சத்தியம் என்றும் எழுதினேன். சத்தியம் செய்யும்போது எனக்குப் பிள்ளை ஒன்று இருப்பது நல்லதாகப் போயிற்று.

இரண்டு கிழமை, பதினான்கு நாளும், பேணியைத் தொடாமல் இருந்ததுதான் பெரிய பாடு. எங்கள் நாளில் கீழே போன மனைவியிடம் பேணியை ஆட்டிப் பார்த்தாயா, சத்தம் கேட்டதா என்று விசாரித்தேன். உடுப்புத் தோய்க்கப் போனவள் உடுப்புத்தான் தோய்ப்பாள் என்று வெட்டிச் சொன்னாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒருவருக்கும் தோய்க்க அனுமதி இல்லாத நாளில், கீழே போய் மூடியைத் திறந்தேன். நீலத்தில் இரண்டு, மஞ்சளில் ஒன்று, மரத்தில் ஒன்று. நான்கு கிளிப். கேட்டதும் நான்குதான். அந்தக் குளிர் அறையில் சோப்புத்தூள் மணத்துக்குள் நின்று எனக்குக் கண் கலங்கியது. கூட்டவும் இல்லை குறையவும் இல்லை, சொல்லி வைத்த மாதிரி நான்கு. அப்படிச் சரியாக வந்ததற்கே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

திங்கட்கிழமை ஊராட்சித் தலைவியிடம் போனேன். அவர் முப்பது பால்மாடு வைத்திருக்கிற பெண். சுருக்கமாகக் கதைப்பார். நான் நாவூறைப் பற்றி விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். தன் பாட்டியும் கன்று ஈனுமுன் பசுவைப் புகழ விடமாட்டார் என்றார். பெயர்களைக் கேட்கமாட்டேன், ஆனால் ஊர் என் வீடு இல்லை, நான் தனியாக முடிவெடுக்க முடியாது, கூட்டத்தில் நீயே எழும்பிச் சொல்லவேண்டும் என்றார். நான் குடியுரிமை எடுத்த காலத்திலிருந்து ஒரு கூட்டமும் தவறவிட்டதில்லை. இரண்டாவது வரிசையில் இருந்து கை உயர்த்துவேன். வாய் திறந்ததில்லை.

கூட்டம் எங்கள் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில். கதிரைகளை அடுக்கியது நான். வழக்கமாக எண்பது போதும். அன்று நூற்றிருபது போட்டும் பின்னால் ஆட்கள் நின்றார்கள். எங்கள் கட்டிடத்திலிருந்து வாக்குரிமை உள்ள எல்லோரும் வந்திருந்தார்கள். பெண்கள் ஒருத்தரும் குளிர் ஜக்கெட்டைக் கழற்றவில்லை. சூடேற்றியை நான் நன்றாக முடுக்கிவிட்டிருந்தும் கழற்றவில்லை. பார்த்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். இப்படியான கூட்டங்களுக்கு வராத என் மனைவியும் வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

வகுப்பு விஷயம் வந்ததும் மண்டபம் சூடானது. இரண்டாவது பிள்ளையைப் பற்றி யோசிக்கவே தங்களால் முடியவில்லை என்று ஒரு இளம் தகப்பன் சொன்னார். முன்பெல்லாம் ஒரு பண்ணையில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள், இந்தக் காலத்துப் பெண்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது என்று ஒரு கிழட்டு விவசாயி முணுமுணுத்தார். உங்கள் வீட்டு இரண்டு ஆண்பிள்ளைகளும் இன்னும் தனியாகத்தானே இருக்கிறார்கள், அதற்கும் பெண்களா காரணம் என்று ஆசிரியை இருந்த இடத்திலிருந்தே கேட்டார். அவர் கோபம் திரும்பி வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தலைவி மணியை அடித்து என் பெயரைக் கூப்பிட்டார்.

நான் எழும்பும்போது மனைவி என் ஜக்கெட்டின் நுனியைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ. அந்த நாலிலை ஒண்டு நான் போட்டது."

எனக்கு விளங்கவில்லை. ஆருக்கு என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு. எங்கடை பிள்ளைக்கு. நேர்த்தி வைக்கிற மாதிரிப் போட்டிட்டன். இப்ப நீங்கள் போய்ச் சொல்லப்போறியள் எண்டதும் மனம் கேக்கேல்லை."

ஒலிவாங்கி இருந்த இடத்துக்குப் பத்து அடி இருக்கும். அந்தப் பத்து அடிக்குள் எனக்கு முதலில் வந்தது கோபம். ஏழு வருடமாக இவள் இதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாளே, நான் பார்க்கவில்லையே என்ற கோபம். அது என் மேல்தான். அடுத்ததாகக் கணக்கு வந்தது. மூன்று என்றால் ஒன்று குறைவு. நான்கு என்று சொன்னால் பள்ளிக்கூடம் தப்பும். யார் தேடப்போகிறார்கள்? அந்தப் பிள்ளைகள் வகுப்புக்கு வர நான்கு வருடம் ஆகும். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். பெயர் கேட்கமாட்டேன் என்று தலைவியே சொல்லிவிட்டார்.

ஒலிவாங்கியைப் பிடித்தபோது, நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு வந்த ஒரு கடிதம் ஞாபகம் வந்தது. ஏன் இலங்கையை விட்டு ஓடி வந்தேன் என்று இரண்டு நாள் அகதி விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தேன். நான் சொன்னது நம்பத்தக்கதாக இல்லை என்று பதில் வந்தது. பிறகு மேல்முறையீட்டில் அது மாறியது, இருக்கவும் விட்டார்கள். ஆனாலும் அந்த வரி எனக்கு மறக்கவில்லை. அன்று நான் உண்மைதான் சொன்னேன். இன்று இந்த மண்டபத்தில் பொய் சொன்னால் அதை எழுதினவன் சரியாகிவிடுவான். அவனைச் சரியாக்க எனக்கு மனமில்லை.

பேர்ண் ஜெர்மனில்தான் கதைத்தேன். படிவத்தில் பூச்சியம் வந்தது என் பிழை என்று தொடங்கி, எங்கள் வழக்கத்தையும் தோய்ப்பு அறையையும் பேணியையும் சொன்னேன். சனம் சிரித்தது; நல்ல சிரிப்பு. அதற்குப் பிறகு சொன்னது தமிழில் இப்படி வரும்.

"நாலு எண்டு சொல்லத்தான் நான் இஞ்சை வந்தனான். ஆனால் மூண்டுதான். நாலாவதை என்ரை மனுசி எங்கடை மகளை நினைச்சுப் போட்டிருக்கிறா. எங்கடை மகளுக்குப் பிள்ளை இல்லை. வேண்டாம் எண்டு அவ முடிவெடுத்தவ. இந்தப் பள்ளிக்கூடத்திலை எழுத்துப் படிச்ச பிள்ளை, இண்டைக்கு நீங்கள் ரயிலிலை போற பாலங்களை அவதான் பாக்கிறா. எனக்கு அவவிலை ஒரு குறையும் இல்லை. ஆனபடியால் மூண்டு."

நான் போய் என் கதிரையில் இருந்தேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஒன்றால் தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கவலையாக இருந்தது, ஆனால் என்னைப் பார்த்து எனக்கே வெட்கமாக இல்லை.

அப்போது பெண்களைக் குறை சொன்ன அதே கிழவர் எழும்பினார். இந்த ஆள் இருபத்தேழு வருடமாக இந்தக் கட்டிடத்தைப் பார்க்கிறார், ஒன்று குறைவு என்று தானாக வந்து சொல்கிறார், அவர் சொல்கிற மூன்றை நான் நம்புகிறேன் என்றார். எல்லைக்கு ஒன்று குறைந்தாலும் வகுப்பை நடத்திப் பார்ப்போம், நான்கு வருடம் கழித்துத் திரும்ப எண்ணுவோம் என்று முன்மொழிந்தார். எங்கள் ஊரில் யாரும் எழும்பி முன்மொழியலாம். மண்டபம் கை உயர்த்தினால் அதுதான் முடிவு. கைகளை எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். பின்னால் நின்றவர்களின் கைகளை இரண்டு தரம் எண்ணினார்கள். நானும் என் கையை உயர்த்தி வைத்திருந்தேன், எண்ணி முடித்த பிறகும் இறக்க மறந்துபோனேன். நூற்று மூன்று பேர் ஆதரவு. எதிர்த்தவர்கள் இருபத்தொருவர்.

பெயர் இல்லாத மூன்று பிள்ளைகளை, அதுவும் இன்னும் பிறக்காத பிள்ளைகளை, ஒரு அப்வார்ட்டின் வாய்ச்சொல்லை நம்பி ஒரு சுவிஸ் ஊர் ஏற்றுக்கொண்டது. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

அடுத்த நாள் காலை மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பயந்துகொண்டுதான் எடுத்தேன். அவளைக் கேட்காமல் அவளுடைய விஷயத்தை நூற்றிருபது பேருக்கு முன்னால் போட்டு உடைத்திருக்கிறேன். தாய் கிளிப் போட்டதையும் நான் கதைத்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். மறுபக்கத்தில் ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டது, வேலைத்தளத்தில் நின்றிருக்கிறாள்.

"அப்பா, ஏழு வருசத்திலை இப்பத்தான் வெளியிலை என்னைப் பற்றி உண்மையைச் சொல்லியிருக்கிறியள்" என்றாள்.

அழுகிறாளோ என்று கேட்டேன். இல்லை, காற்று என்றாள். பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். நான் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு வெளியே போய்ப் பனி தள்ளினேன். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

இந்த வருடம் வசந்தம் முடியுமுன் மூன்று பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். இரண்டு பெண், ஒரு ஆண். இனிச் சொல்லலாம், நாவூறு படாது. எலுமிச்சை ஊறுகாய்க்காரியும் அதில் ஒருத்தி. மற்ற இரண்டும் நான் சந்தேகப்படாத வீடுகள். கூட்டத்தில் முன்மொழிந்த கிழவர் மூன்று வீட்டுக்கும் தன் பண்ணைச் சீஸ் கொண்டுபோய்க் கொடுத்தார். நான்கு வருடத்தில் மூவரும் என் தரையில் சேற்றுச் சப்பாத்தோடு ஓடப்போகிறார்கள். அப்போது திறப்பு வேறு ஒருவனிடம் இருக்கும். நான் சும்மா வந்து நின்று திட்டிவிட்டுப் போவேன்.

கடைசியாகப் பிறந்த பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் விருந்து கட்டிடத்திலேயே நடந்தது. பூம்ப்ளிஸிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பழைய சிநேகிதி ஒருவர் வந்து பக்கத்தில் இருந்து, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அந்தக் கேள்வியைக் கேட்டார். மகளுக்கு இன்னும் ஒன்றும் இல்லையோ. நான் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தேன். மண்டபத்தில் சொன்ன எனக்கு இங்கே சொல்வது பெரிய காரியம் இல்லை. ஆனால் மனைவி எனக்கு இடம் தரவில்லை.

"இல்லை அக்கா. அவவுக்குப் பிள்ளை வேண்டாமாம். நல்லாத்தான் இருக்கிறா" என்றாள்.

குரல் இறங்கவில்லை. மனைவி மடியில் இருந்த பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் கறி போடச் சொன்னாள். நூற்றிருபது பேருக்கு முன்னால் நான் பேசியதைவிட, பத்துப் பெண்களுக்கு நடுவில் அவள் சொன்ன அந்த மூன்று வசனம்தான் பெரிது. எனக்கு அவளை நினைத்து அப்படி ஒரு பெருமை.